இரைச்சலும் செவியும்

"காது கேட்கிறது, பேசுவதுதான் விளங்கவில்லை." முதுமையடைந்தோர் பலர் கூறும் குறை இது. வீட்டார் இதனை எளிதில் நம்புவதில்லை. அமைதியான அறையில் மெல்லக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கின்ற பெரியவர், திருமணப் பந்தியில் அருகிலிருப்பவர் கேட்ட கேள்விக்குத் தொடர்பற்ற விடை சொல்வார். 'வேண்டியது மட்டுமே தாத்தாவின் காதில் விழும்' என்று இளையோர் நகைப்பர். அந்த நகைப்பு பொருந்தாதது என்பதை மெய்ப்பிக்க அறிவியலுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. அவ்வாராய்ச்சியின் வரலாறு மேனாட்டுப் பட்டறையொன்றில் தொடங்கினும், சிங்கப்பூர்த் தமிழர் வாழ்வோடு அதற்குள்ள உறவு நெருக்கமானது.

1886-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்துச் செவி மருத்துவர் தாமஸ் பார் என்பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரின் கேட்கும் திறனை ஆராய்ந்தார். ஒப்புநோக்குவதற்காக இரும்பு வார்ப்போர் நூறு பேரையும், கடிதம் கொண்டு செல்லும் அஞ்சற்காரர் நூறு பேரையும் எடுத்துக்கொண்டார். கடிகாரத்தின் 'டிக்' ஒலி எவ்வளவு தொலைவில் கேட்கிறது என்று அளந்ததோடு அவர் நின்றிருந்தால், அந்த ஆராய்ச்சி இன்று பெரிதும் நினைக்கப்படாது. பொதுக்கூட்டத்தில் பேச்சு நன்கு கேட்கிறதா என்றும் அவர் வினவினார். கொதிகலன் தொழிலாளருள் நால்வரில் மூவர், கேட்பது கடினம் அல்லது கேட்பதே இல்லை என்றனர். மற்ற இரு பிரிவினருள் அவ்வாறு சொன்னவர் மிகச் சிலரே. பேச்சை விளங்கிக்கொள்வதே செவியின் தலையாய வேலை என்பதை முதலிலேயே உணர்ந்த அறிஞர் பார். அவருக்குப் பின்வந்தோர் நெடுங்காலம் அதனை மறந்துவிட்டனர் என்பது வியப்பு.

கிளாஸ்கோவின் பட்டறைகளில் எழுந்த அதே ஒலி பின்னர்ச் சிங்கப்பூரிலும் எழுந்தது. தஞ்சோங் பகார்த் துறைமுகத்திலும், 1938-இல் பெரிய உலர்துறை திறக்கப்பட்ட செம்பவாங் கடற்படைத் தளத்திலும் தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராய் உழைத்தனர். 1963-இல் ஜூரோங் கப்பற்பட்டறை தோன்றிற்று. 1968-இல் செம்பவாங் தளம் வாணிபக் கப்பற்பட்டறையாக மாறிற்று. கப்பலின் வயிறு ஓர் இரும்புப் பேழை. அதனுள்ளே துருவைத் தட்டி எடுக்கும் சுத்தியலின் ஓசை வெளியே போக வழியின்றி, சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். அங்கே எட்டு மணி நேரம் நின்றவன் இரவில் வீடு திரும்பிய பின்னும் அவ்வோசையைக் கேட்டுக்கொண்டே இருப்பான். இது மிகைக்கூற்றன்று. இரைச்சலிடையே பணிபுரியும் 647 பேரை ஆராய்ந்து, 1993-இல் சிங்கப்பூர் மருத்துவர்கள் வெளியிட்ட கட்டுரை, அவர்களுள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினருக்குக் காதில் இடையறாத இரைச்சல் இருந்ததைக் கூறுகிறது. தொலைபேசியில் பேசவும் உறங்கவும் அது இடையூறாக இருந்தது என்று சிலர் முறையிட்டனர்.

அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை பல ஆண்டுகள் சிங்கப்பூரின் தொழில்நோய்களுள் முதலிடம் பெற்றிருந்தது. 1985-ஆம் ஆண்டு விதிகள், பேரிரைச்சலில் வேலை செய்வோருக்குச் செவிப் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. 2011-இல் புதிய இரைச்சல் விதிகள் வந்தன. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெல் என்பதே எல்லை. ஆயினும், இத்தகைய பரிசோதனைகள் ஒலி புகாத அறையில், தூய தொனிகளைக் கொண்டே நடைபெறுவன. 'பீப்' என்னும் ஒலி கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவே. பொதுக்கூட்டத்தைப் பற்றிப் பார் கேட்ட கேள்வி அங்கே எழுவதில்லை.

தூய தொனி ஏன் போதாது? இதற்கு விடை, பேச்சொலியின் இயல்பில் உள்ளது. உயிரொலிகள் வலிமை மிக்கவை. அவற்றின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் அமைகிறது. மெய்களிலோ, குறிப்பாக வல்லின மெய்களில், ஆற்றல் குறைவு. அவற்றை வேறுபடுத்தும் அடையாளங்கள் உயர்ந்த அதிர்வெண்களில் உள்ளன. இரைச்சலும் முதுமையும் உட்செவியில் முதலில் கெடுப்பது உயர்ந்த அதிர்வெண்களுக்குரிய பகுதியையே. எனவே உயிர் நிற்க, மெய் மறைகிறது. உயிர், மெய் என்று பெயரிட்ட பண்டைத் தமிழர் இதை எண்ணிப் பெயரிட்டிருக்க முடியாது. ஆனால் அப்பெயர்கள் இவ்விடத்தில் அழகாகப் பொருந்துகின்றன. கேட்போனுக்குப் பேச்சின் ஓட்டமும் ஏற்ற இறக்கமும் கேட்கும். சொல் மட்டும் பிடிபடாது. பெரியவரின் குறை பொய்யன்று என்பது இதனால் விளங்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது இவ்வாராய்ச்சி வேகம் பெற்றது. விமானத்தின் பேரிரைச்சலில் கட்டளைகள் விளங்க வேண்டியிருந்தது; செவிப்புலன் குன்றித் திரும்பிய போர்வீரர்க்கு மருத்துவம் வேண்டியிருந்தது. ஹார்வர்டில் சொற்பட்டியல்கள் தொகுக்கப்பட்டன. ரேமண்ட் கார்ஹார்ட் போர்வீரரிடையே செய்த பணி செவியியல் என்னும் தனித் துறையாக வளர்ந்தது. தமிழாசிரியர்க்கு இவற்றினும் சுவையானது, 1955-இல் மில்லர், நைஸ்லி என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி. ஆங்கில மெய்கள் பதினாறை எடுத்து, அளவு கூட்டிய இரைச்சலிடையே ஒலிக்கச் செய்து, எது எதுவாகப் பிழைபடக் கேட்கப்படுகிறது என்று அவர்கள் எண்ணினர். ஒலிப்புடைய ஒலியா இல்லாததா, மூக்கொலியா அன்றா என்பவை கடும் இரைச்சலிலும் தப்பி நின்றன. எளிதில் அழிந்தது பிறப்பிடம். அதாவது இதழில் பிறந்ததா, பல்லில் பிறந்ததா, அண்ணத்தில் பிறந்ததா என்னும் வேறுபாடு.

இம்முடிவைத் தமிழோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். தொல்காப்பியர் பிறப்பியல் என ஓர் இயலே வகுத்து எழுத்துகளைப் பிறப்பிடத்தால் வேறுபடுத்தினார். தமிழ்ச் சொற்களின் பொருளும் பெரிதும் அவ்வேறுபாட்டையே பற்றி நிற்கிறது. காய், பாய், தாய், மலை, மழை, மனம், மணம், வலி, வளி, வழி ஆகியவற்றுள் நாவும் இதழும் தொடும் இடம் மாறினால் பொருள் மாறும். ஆங்கில ஆராய்ச்சியில் வந்த மூக்கொலிகள் இரண்டே. தமிழில் மெல்லினம் ஆறு. (நகரத்துக்கும் னகரத்துக்கும் பேச்சில் வேறுபாடு காட்டுவோர் இன்று அரியர் என்பது வேறு செய்தி.) மறுபுறம், இரைச்சலில் தப்பி நிற்கும் ஒலிப்பு வேறுபாடோ, பிறமொழிச் சொற்கள் நீங்கலாகத் தமிழில் பொருளை வேறுபடுத்துவதில்லை. இரைச்சல் எதனை விட்டுவைக்கிறதோ அது தமிழுக்கு அவ்வளவாக உதவாது. எதனைக் கவர்கிறதோ அதுவே தமிழுக்கு இன்றியமையாதது. குறில் நெடில் வேறுபாடு ஒன்று ஆறுதல் தருகிறது. கால அளவால் அமைந்த அது, 'கல்'லையும் 'கால்'ஐயும் இரைச்சலிலும் பெரும்பாலும் பிரித்துக் காட்டும் என எதிர்பார்க்கலாம்.

இனி, பலர் ஒருங்கே பேசும்போது ஒருவர் பேச்சை மட்டும் பிரித்தெடுப்பது எங்ஙனம்? 1953-இல் காலின் செர்ரி இவ்வினாவை ஆராய்ந்தார். இரு காதுகளுக்கும் இருவேறு பேச்சை அனுப்பி, ஒன்றை மட்டும் திருப்பிச் சொல்லப் பணித்தார். கேட்போர் எளிதில் சொல்லினர்; ஆனால் மற்றக் காதில் ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதையும் அவர்கள் உணரவில்லை. இரு பேச்சையும் கலந்து அனுப்பியபோதோ பெரிதும் திணறினர். பிரித்தறிவதற்கு இரு செவியும் மூளையும் கூடி உழைக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. 1978-இல் டச்சு அறிஞர் பிளோம்ப், செவிக்குறையை இரண்டாகப் பகுத்தார்: ஒலி குறைந்து கேட்டல் ஒன்று, ஒலி சிதைந்து கேட்டல் மற்றொன்று. முன்னதற்குக் காதுக்கருவி மருந்து. பின்னதற்கு ஒலியைப் பெருக்குவதால் மட்டும் பயனில்லை. பேச்சோடு இரைச்சலும் பெருகும். விலை கொடுத்து வாங்கிய கருவி வீட்டு அலமாரியில் உறங்குவதற்குக் காரணம் பெரியவரின் பிடிவாதம் மட்டுமன்று.

2009-இல் மேலும் ஓர் உண்மை வெளிப்பட்டது. இரைச்சலுக்கு உட்படுத்திய எலிகளின் கேட்கும் திறன் சில நாளில் மீண்டுவிட்டபோதும், செவி நரம்பின் இணைப்புகளுள் பல நிலையாக அழிந்திருந்ததை குஜாவா, லிபர்மன் ஆகியோர் கண்டனர். மனிதனுக்கும் இது அவ்வாறே பொருந்துமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பொருந்துமாயின், தூய தொனிப் பரிசோதனையில் தேறியவனும் சந்தையில் தோற்கக்கூடும்.

சந்தை என்றால் சிங்கப்பூர்த் தமிழர் நினைவுக்கு வருவது தேக்கா. 1915-இல் எழுந்த பழைய சந்தையும், 1982-இல் திறந்த இன்றைய கட்டடமும் வாய்ப்பேச்சால் வாழ்பவை. சிங்கப்பூரில் பகற்பொழுதின் வெளியிட ஒலி சராசரி 69.4 டெசிபெல் என்று தேசியப் பல்கலைக்கழகத்தார் 2017-இல் அறிவித்தனர். ஒரு மீட்டர் தொலைவில் இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபெல். ஆகவே பேசுவோர் தம்மையறியாமலே குரலை உயர்த்துவர். இதனை 1911-இல் பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்டு விளக்கினார். ஒருவர் குரலை மற்றவர் குரல் வெல்ல முயல, சிரங்கூன் சாலையின் ஞாயிறு மாலை தன் இரைச்சலைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

சந்தைக்கு அணித்தே உள்ளது கண்டாங் கிர்பாவ் மருத்துவமனை. 1924-இல் மகப்பேற்று மனையான இங்கே 1966-இல் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் அங்குப் பிறக்கும் குழந்தைகளின் செவி சில நாளிலேயே சோதிக்கப்படுகிறது. பிறவிக் குறை காலத்தே அறியப்படுகிறது, நன்று. ஆனால் நல்ல செவியுடைய குழந்தையும் இரைச்சலில் ஒருவகையில் குறைப்பட்டதே. பிற்பட்ட வயதில் கற்ற இரண்டாம் மொழி, தாய்மொழியைவிட இரைச்சலில் விரைவாகச் சிதைகிறது என்று 1997-இல் வெளியான மேயோ குழுவினர் ஆராய்ச்சி காட்டிற்று. 2020-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி சிங்கப்பூர் இந்தியருள் 59.2 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலம். மின்விசிறி சுழலும் வகுப்பறையில் அதே இரைச்சல் ஆங்கிலப் பாடத்தைக் கெடுப்பதினும் தமிழ்ப் பாடத்தை மிகுதியாகக் கெடுக்கலாம். பேசுவோர் முகத்தைக் காண்பது இரைச்சலில் பெருந்துணை என்று 1954-இலேயே சம்பி, பொல்லாக் ஆகியோர் அளந்து காட்டினர். கரும்பலகையை நோக்கி நின்று சொல்லும் சொல்லுக்கு அத்துணை கிடையாது.

பாட்டிக்குப் பேரன் தமிழ் விளங்கவில்லை. பேரனுக்குப் பாட்டி தமிழ் விளங்கவில்லை. இருவரிடையே நிற்பது மொழி மட்டும்தானா, செவியும் இரைச்சலும் சேர்ந்தா என்பதைச் சோதித்தாலன்றிச் சொல்ல இயலாது. சோதிக்கத் தமிழ்ச் சொற்பட்டியல் வேண்டும். மைசூரில் 1960-களில் தோன்றிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தைச் சார்ந்து அடுத்த பத்தாண்டில் அத்தகைய பட்டியல் ஆராயப்பட்டது. எனினும் ஒரு நாட்டார் நாவுக்கு இயல்பான சொல் மற்றொரு நாட்டார் செவிக்குப் புதிதாக இருக்கலாம். டச்சு நாட்டார் 2003-இல் இரைச்சலிடையே மூன்று எண்களைத் தொலைபேசியில் கேட்பித்துச் சோதிக்கும் எளிய முறையைத் தொடங்கினர். எண்களை அறியாதார் இலர் அல்லவா? அம்முறையைச் சிங்கைக்குக் கொணர்ந்தாலும், தேக்காவில் ஐம்பது ஆண்டு பேரம் பேசிய மூதாட்டியிடம், எண்களைத் தமிழில் சொல்வதா, மலாயில் சொல்வதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.