மெத்தனால் கொடுக்கும் கெடு

ஆவுடையார்கோவிலில் டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார். "கள்ளக்குறிச்சியில எல்லாரும் ஒரே சாராயத்தைத்தானே குடிச்சாங்க? சில பேரு செத்தாங்க, சில பேரு பொழச்சாங்க. அது எப்படி டாக்டர்?"

நல்ல கேள்வி. பதிலுக்குக் கொஞ்சம் வரலாறு வேணும். பொறுமையா படிங்க.

2024 ஜூன் 18. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் விற்கப்பட்டது. மறுநாள் சாவுகள் தொடங்கின. சாராயம்தான் காரணம் என்று முதலில் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. துக்க வீட்டுக்கு வந்தவர்களில் சிலரும் அதே சாராயத்தைக் குடித்தார்கள். கடைசியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

இத்தனைக்கும் முந்தைய ஆண்டு மே மாதம்தான் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் 20-க்கும் மேற்பட்டோர் இதே விஷத்தால் இறந்திருந்தார்கள்.

குடித்தவுடன் ஏன் தெரியவில்லை?

மெத்தனாலை விட ஆபத்தானது, அதை நம் கல்லீரல் மாற்றித் தரும் பார்மிக் அமிலம். அது சேரப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அதுவரை ஆள் நல்லாத்தான் இருப்பார். பிறகு வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு. கண் முன்னால் பனிமூட்டம் போல மங்கும். செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் திணறும். பார்வை நரம்பு சீக்கிரமே அடிவாங்கும்.

இதற்கு மாற்று மருந்து கிடைத்த கதை விசித்திரமானது.

1940களில் நார்வே மருத்துவர் ஓலுஃப் ரோ ஒன்றைக் கவனித்தார். மெத்தனாலோடு சாதாரண மதுவையும் குடித்தவர்களுக்குப் பாதிப்பு குறைவாக இருந்தது. காரணம், இரண்டையும் மாற்றுவது கல்லீரலில் உள்ள ஒரே நொதி. அது எத்தனாலைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். மெத்தனால் அமிலமாக மாறாமல் காத்துக் கிடக்கும்.

அப்படித்தான் எத்தனாலே மருந்தானது. உடனே வீட்டில் முயற்சி செய்துவிடாதீர்கள்! ரத்தத்தில் அளவு பார்த்து, ஐசியுவில் கொடுக்க வேண்டியது அது.

பின்னால் அதே நொதியைத் தடுக்க ஃபோமிபிசோல் வந்தது. மெத்தனால் விஷத்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது 2000-ல். கள்ளக்குறிச்சி சமயத்தில் இந்தப் பெயரும், வயிற்றுப்புண் மாத்திரை ஒமிப்ரசோலும் அரசியல் விவாதத்தில் குழம்பிப் போனது நினைவிருக்கும். இரண்டும் வேறு வேறு.

சரி, மருத்துவமனையில் எப்படிக் கண்டுபிடிக்கிறோம்?

ரத்தத்தில் மெத்தனால் அளவு பார்க்கும் வசதி எல்லா இடத்திலும் இல்லை. முடிவுக்காகக் காத்திருக்கவும் முடியாது. ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறதா என்று ஏபிஜி பரிசோதனை செய்வோம். அதோடு, "என்ன குடிச்சார், எப்போ குடிச்சார்?" என்று கேட்போம். அந்தப் பதில்தான் எங்களுக்கு முதல் பரிசோதனை. பிறகு அமிலத்தைக் குறைக்க சோடியம் பைகார்பனேட், மாற்று மருந்து, ஃபோலினிக் அமிலம், தேவைப்பட்டால் டயாலிசிஸ்.

இப்போது பெரியவருக்குப் பதில். பிழைப்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது. எவ்வளவு மெத்தனால் உள்ளே போனது, கூட எத்தனால் இருந்ததா, எத்தனை மணி நேரத்தில் வந்தார். முதல் இரண்டும் குடித்தபோதே முடிந்துபோனவை. மூன்றாவது மட்டும்தான் இன்னும் நம் கையில்.

கூடக் குடித்த ஒருவர் விழுந்தால், "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று மற்றவர்கள் வீட்டில் இருக்காதீர்கள். அந்த "ஒண்ணும் இல்லாத" நேரம்தான் கெடு. 108-க்குப் போன் போடுங்கள். அறந்தாங்கியோ புதுக்கோட்டையோ, உடனே கிளம்புங்கள்.

வந்ததும் வெட்கப்படாமல் "சாராயம் குடிச்சார்" என்று சொல்லுங்கள். நாங்கள் கேட்பது குற்றம் சொல்ல அல்ல, சரியான மருந்தைத் தொடங்க.