அமெரிக்கக் குடும்ப வீசா: இணை ஸ்பொன்சராக யாரைக் கேட்கலாம்?

அமெரிக்காவில் இருக்கும் மகன் தாயைக் கூப்பிடுகிறார். கணவர் மனைவியைக் கூப்பிடுகிறார். மனு ஏற்கப்பட்டு, கோப்பு தேசிய வீசா நிலையத்துக்கு வந்த பிறகுதான் கூப்பிட்டவரின் சம்பளம் போதாது என்பது பல குடும்பங்களுக்குத் தெரியவருகிறது. அப்போது நிதிப் பொறுப்பேற்க இன்னொருவர் தேவைப்படுகிறார். அவரே இணை ஸ்பொன்சர். ஊரவர்களுக்கும் உறவினர்களுக்கும் இந்தப் படிவங்களை நிரப்ப உதவி வருகிறேன். என்னிடம் முதலில் கேட்கப்படுவது, "எங்கட ஆக்களில காசுள்ளவர் ஆர்?" என்பதுதான். சட்டம் கேட்பதோ வேறு.

யார் தகுதியானவர்?

இணை ஸ்பொன்சர் அமெரிக்கப் பிரஜையாகவோ கிறீன் கார்ட் வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். அமெரிக்காவை நிரந்தர வதிவிடமாகக் கொண்டிருக்க வேண்டும். இரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. நண்பரோ கோயிலில் பழகியவரோ கையெழுத்திடலாம்.

எங்கள் குடும்பங்கள் தடுக்கி விழுவது வதிவிட நிபந்தனையில்தான். ரொறன்ரோவில் இரண்டு வீடு வைத்திருக்கும் மாமாவோ, லண்டனில் கடை நடத்தும் சித்தப்பாவோ அங்கிருந்தபடி கையெழுத்திட முடியாது. அமெரிக்காவிலேயே எச்-1பி வீசாவில் நல்ல சம்பளத்துக்கு வேலை செய்யும் மச்சானாலும் முடியாது, ஏனெனில் அது தற்காலிக வீசா. கனடாவின் விதிகளை இதனுடன் குழப்பிக்கொள்ளவும் கூடாது. அங்கு பெற்றோரைக் கூப்பிடுபவருடன் சேர்ந்து கையெழுத்திடக்கூடியவர் அவருடைய வாழ்க்கைத் துணை மட்டுமே.

எவ்வளவு வருமானம் வேண்டும்?

அமெரிக்க அரசாங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் வறுமைக் கோட்டு அளவின் 125 வீதம் தேவை. 2025ஆம் ஆண்டு அளவின்படி, அலாஸ்கா, ஹவாய் தவிர்ந்த மாநிலங்களில் இரண்டு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது ஏறத்தாழ 26,437 டொலர். நான்கு பேருக்கு 40,187 டொலர். ஐந்து பேருக்கு 47,062 டொலர்.

ஆட்களை எண்ணும்போது கவனம் வேண்டும். இணை ஸ்பொன்சர், அவருடைய மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள், வரப்போகும் ஒருவர் எனக் கூட்டினால் ஐந்து பேர். அவர் முன்பு வேறு யாருக்காவது கையெழுத்திட்டு, அந்தப் பொறுப்பு இன்னும் முடியாதிருந்தால் அந்த ஆளும் கணக்கில் சேர்வார். இணை ஸ்பொன்சரின் வருமானம் தனித்தே இந்த அளவை எட்ட வேண்டும். கூப்பிட்டவரின் 15,000 டொலரையும் இவருடைய 35,000 டொலரையும் கூட்டிக் காட்ட முடியாது. ஆனால் இவருடன் ஒரே வீட்டில் இருக்கும் மனைவியின் சம்பளத்தை ஐ-864ஏ என்ற படிவத்தில் அவருடைய கையெழுத்துடன் சேர்க்கலாம்.

கணக்கில் வருவது வருமான வரிக் கூற்றில் காட்டிய பணம். கையில் காசாக வாங்கி, வரியில் காட்டாத சம்பளம் இங்கே உதவாது. அண்மைய ஆண்டின் வரிக் கூற்று, டபிள்யூ-2 படிவம், வேலைக் கடிதம் அல்லது சம்பளச் சிட்டை, பிரஜாவுரிமை அல்லது கிறீன் கார்ட் ஆதாரம் ஆகியவற்றை அவர் தர வேண்டியிருக்கும்.

வெளியே தேடுவதற்கு முன்

கூப்பிட்டவருடன் ஒரே வீட்டில் வேலை செய்யும் சகோதரரோ பெற்றோரோ இருந்தால், அவர்களும் ஐ-864ஏ மூலம் வருமானத்தைச் சேர்க்கலாம். அப்போது இணை ஸ்பொன்சரே தேவைப்படாமல் போகலாம். ஒரு வருடத்துக்குள் காசாக்கக்கூடிய சொத்துகளையும் காட்டலாம். பொதுவாக, குறையும் தொகையின் ஐந்து மடங்கு சொத்து வேண்டும். அமெரிக்கப் பிரஜையின் கணவன் அல்லது மனைவி என்றால் மூன்று மடங்கு போதும். 5,000 டொலர் குறைந்தால் முறையே 25,000 டொலர் அல்லது 15,000 டொலர். வரப்போகிறவரின் சொத்தும் இதில் சேரும். எனவே இங்குள்ள காணியைக்கூடக் காட்ட இடமுண்டு; ஆனால் அது அவர் பெயரில் இருக்க வேண்டும், விற்று வரும் பணத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியும் என்றும் நிரூபிக்க வேண்டும்.

இணை ஸ்பொன்சர் கிடைத்தாலும், கூப்பிட்டவர் தன்னுடைய ஐ-864 படிவத்தையும் கட்டாயம் கொடுக்க வேண்டும். வருமானமே இல்லாவிட்டாலும் இது பொருந்தும்.

கையெழுத்தின் பாரம்

ஐ-864 அமெரிக்க அரசாங்கத்துடன் செய்யும் ஒப்பந்தம். வந்தவர் அமெரிக்கப் பிரஜையாகும் வரை, அல்லது அவர் கணக்கில் 40 காலாண்டு வேலை, அதாவது சுமார் பத்து வருடம், பதியும் வரை பொறுப்பு தொடரும். அவர் நிரந்தர வதிவிட உரிமையைக் கைவிட்டு நாட்டை விட்டுப் போனாலோ, அவரோ ஸ்பொன்சரோ இறந்தாலோ அது முடியும். விவாகரத்து இதை முடிக்காது. தம்பதி பிரிந்த பிறகும், அவர்களுக்காகக் கையெழுத்திட்ட நண்பர் பொறுப்பாளியாகவே இருப்பார். வந்தவர் வருமானத்தை அடிப்படையாகக் கொண்டு வழங்கப்படும் அரச உதவிகளைப் பெற்றால், அந்தச் செலவை ஸ்பொன்சரிடம் அறவிட வழக்குத் தொடரலாம். ஆதரவு கிடைக்கவில்லை என்று வந்தவரே வழக்குப் போடவும் சட்டம் இடமளிக்கிறது. வீசா வழங்கப்பட்ட பிறகு கையெழுத்தை மீளப் பெறவும் முடியாது.

ஆகவே "சும்மா ஒரு கையெழுத்துத்தான்" என்று யாரிடமும் கேட்காதீர்கள். மேலே சொன்னதை முதலில் விளக்குங்கள். அவருடைய மனைவியும் அறியட்டும், யோசிக்க நாட்கள் கொடுங்கள். வரப்போகிறவர் எங்கே தங்குவார், எப்போது வேலைக்குப் போவார், வயதான தாய் என்றால் மருத்துவக் காப்புறுதிக்கு யார் பணம் கட்டுவார் என்பதற்கும் பதில் வைத்திருங்கள். இல்லை என்று சொன்னால் கோபிக்க வேண்டாம்; தன் பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணி அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

காசு வாங்கிக்கொண்டு கையெழுத்திட ஆள் பிடித்துத் தருவதாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். பொய்ச் சத்தியம் தண்டனைக்குரியது என்ற எச்சரிக்கையின் கீழ்தான் இந்தப் படிவம் கையெழுத்தாகிறது. போலி ஆவணம் பிடிபட்டால் வீசாவே பறிபோகலாம். வருமானமோ சொத்தோ சிக்கலாக இருந்தால், அமெரிக்காவில் உரிமம் பெற்ற குடிவரவுச் சட்டத்தரணியிடம் ஒருமுறை ஆலோசியுங்கள். மனு போடும் நாளிலேயே தேடலைத் தொடங்கினால், கேட்கப்படுபவருக்கும் நிதானமாக முடிவெடுக்க அவகாசம் கிடைக்கும்.