பக்கப்போலியும் மூளைப் படமும்: அளவையியல் வரலாற்றில் ஒரு வினா

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தொகுதியில் பூனையொன்று முன்கால்களை உயர்த்தித் தவக்கோலத்தில் நிற்கிறது, காலடியில் எலிகள். ‘தவம் புரிவதால் இது தீங்கற்றது’ என எலிகள் துணிந்தன எனக் கொண்டால், அத்துணிபு பிழையானது. தவக்கோலம் துறவிக்கும் பொய்த்துறவிக்கும் பொது. இவ்வாறு இருதிறத்தும் செல்லும் ஏதுவை மணிமேகலை அநைகாந்திகத்துள் ‘சாதாரணம்’ என வகுக்கும். இதனை அறவண அடிகள் கற்பித்த இடம், பழைய செங்கல்பட்டு மாவட்டத்துள் அடங்கியிருந்த காஞ்சி.

மணிமேகலையின் 29ஆம் காதை பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 எனக் குற்றங்களைத் தொகுக்கிறது. இப்பகுதி திக்நாகருக்கு முந்தியதா, வடமொழி நியாயப்பிரவேசத்தைத் தழுவியதா என்பது குறித்து சா. கிருஷ்ணசாமி ஐயங்காரும் குப்புசாமி சாஸ்திரியும் மாறுபட்டனர். அக்கால ஆராய்ச்சி பெற்ற கவனத்தை உள்ளடக்கம் பெறவில்லை. குறிப்பாக, பக்கப்போலியுள் ஒன்றான உலகவிருத்தம். மதியை மதியன்று என்பது போல, உலகோர் ஒப்பியதற்கு மாறான மேற்கோள், ஏதுவை ஆராயுமுன்னரே குற்றமுடையதாகிறது.

இன்றைய உளவியல் இதற்கு நேர்மாறான நிலையில் நிற்கிறது. முடிவு நம்பத்தகாதது என்பதற்காக, வடிவத்தில் பிழையற்ற வாதத்தை ஒருவர் மறுத்தால், அது ‘நம்பிக்கைச் சாய்வு’ என்னும் பிழை. மனிதர் மொழிசார் விதிகளைக் கொண்டு அனுமானிக்கின்றனரா, அன்றி ஜான்சன்-லெயர்டு 1983இல் விரித்துரைத்த மனப்படிவங்களைக் கொண்டா என்ற வழக்கைத் தீர்க்க எம்.ஆர்.ஐ. கருவி துணையாக்கப்பட்டது. வினோத் கோயலும் உடனாய்வாளரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், பொருளுள்ள தொடர்களைக் கொண்ட வாதங்கள் மொழியோடு தொடர்புடைய இடப்பக்கப் பொட்டு மடலையும், வெறும் எழுத்துக்குறிகளாலான வாதங்கள் இடஞ்சார் அறிவோடு தொடர்புடைய உச்சிமடலையும் இயக்கின. இரு கொள்கையுள் எதுவும் முழுமையாக வெல்லவில்லை. கோயல், டோலன் இருவரின் 2003ஆம் ஆண்டு ஆய்வில், நம்பிக்கையை அடக்கிச் சரியாக விடையளித்தபோது வலப்பக்க முன்நுதற்புறணியும், நம்பிக்கை வென்றபோது அதன் கீழ்நடுப்பகுதியும் செயல்பட்டன.

படம் காட்டுவது குருதியின் உயிர்வளி மாற்றத்தை. ‘பிழை’ என்ற பெயரோ ஆய்வாளர் கையாளும் அளவையியலிலிருந்து வருகிறது. காஞ்சி மரபில் அதே மறுப்பு வாதமன்றத்தின் முறையான கடமையாகவும் அமையலாம். அங்கு வாதம் பிறரைத் தெளிவிக்கும் செயல், வடிவத்தின் செம்மை மட்டும் அதற்குப் போதாது. ஓர் உறுப்பின் இயக்கம் பல செயல்களுக்குப் பொதுவாதலின், அதைக்கொண்டு ஒரு செயலை உறுதிசெய்தல் அரிது என 2006இல் போல்ட்ராக் எச்சரித்தார். அதுவும் சாதாரண ஏதுவே. பூனையின் தவக்கோலம் போன்றது. (மணிமேகலை நரம்பியலை முன்னுணர்ந்தது என்பாரும் இப்போலியிலேயே விழுவர்.)

சோதிக்கத்தக்கது வேறொன்று. அறவண அடிகள் உபநயம், நிகமனம் இரண்டையும் திட்டாந்தத்துள் அடக்கினார், திட்டாந்தத்தை நீக்கவில்லை. ‘மலை நெருப்புடைத்து, புகையுடைமையான்’ என்ற வாதத்தை ‘அடுக்களை போல’ என்ற எடுத்துக்காட்டுடனும் அஃதின்றியும் தமிழ் பேசுவோர்க்கு அளித்து, இருநிலைகளிலும் மூளை இயங்கும் முறையை ஒப்பிடலாம்.