சிபாப் கருவி: உறக்க மூச்சுத்தடைக்கு முதல் துணை

சிபாப் என்பது, தூங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு நின்றுபோகும் நோயாளிக்கு முகமூடி வழியாகச் சீரான அழுத்தத்தில் காற்றை ஊதித் தரும் மின்கருவி. நோயின் பெயர் ஸ்லீப் அப்னியா. தமிழில் உறக்க மூச்சுத்தடை எனலாம். கருவி டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். அது ஆக்சிஜன் தருவதில்லை, மருந்து தருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே வடிகட்டி ஊதுகிறது. தென்காசி மாவட்டத்தில் சிற்றாற்றங்கரையில் இருக்கும் வீரகேரளம்புதூர் போன்ற ஊரில், இதை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவரும் குடும்பம் அறிந்திருக்க வேண்டியவையும் இக்கட்டுரையில் சேர்ந்துள்ளன.

நோய்

தூக்கத்தில் உடம்பின் தசைகள் தளர்கின்றன. தொண்டைத் தசையும் தளர்கிறது. சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்குப் பகுதியும் சரிந்து மூச்சுப்பாதையை மூடிவிடும். நெஞ்சு ஏறி இறங்கும். காற்று மட்டும் உள்ளே போகாது. இந்த அடைப்பு 10 விநாடிக்குக் குறையாமல் நீடித்தால் அது ஓர் அப்னியா. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி ஆளை அரைகுறையாக எழுப்புகிறது, தொண்டை திறக்கிறது, மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. நோய் முற்றியவருக்கு இது ஓர் இரவில் நூற்றுக்கணக்கான முறை நடக்கும். காலையில் அவருக்கு இதில் எதுவும் நினைவிராது.

நினைவு வைத்திருப்பவர் பக்கத்தில் படுத்திருப்பவர்தான். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கும். அந்த நிசப்தத்தில் மனைவி விழித்துக்கொள்வார். அடுத்த மூச்சு வருகிறதா என்று காத்திருப்பார், வராவிட்டால் தோளைப் பிடித்து உலுக்குவார். "ராத்திரி பூரா மூச்சு நின்னு நின்னு வருது டாக்டர், நாந்தான் தட்டி எழுப்புதேன்" என்று டாக்டரிடம் சொல்லும் அந்த ஒரு வாக்கியம், பல பரிசோதனைகளைவிட மதிப்புள்ள நோய்க்குறிப்பு. குறட்டை விடுபவரைக் கும்பகர்ணன் என்று கேலி செய்வது நம் வழக்கம். ஆனால் இந்த நோயாளி எட்டு மணி நேரம் படுத்தும் சரியாகத் தூங்காத மனிதர். பகலில் பேருந்திலும் கடைக் கல்லாவிலும் அவர் கண்ணயர்வது சோம்பல் அல்ல.

இந்தியாவில் நடந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 10 கோடிப் பேருக்கு, இந்நோய் உண்டு. இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரி 15-இல் மும்பையில் இறந்தபோது, மருத்துவர்கள் காரணமாகச் சொன்னது இதைத்தான். நாடு முழுதும் பலர் இந்நோயின் பெயரைக் கேள்விப்பட்டதே அன்றைய செய்தியில்தான்.

உடல் பருமன், தடித்த கழுத்து, நடுத்தர வயது, மது ஆகியவை நோயைக் கூட்டுகின்றன. ஆனால் ஒல்லியானவருக்கும் வரும். தாடை சிறுத்திருந்தாலே போதும். மாத்திரைக்கு மேல் மாத்திரை சேர்த்தும் இறங்காத இரத்த அழுத்தம் முக்கியமான அடையாளம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிறார்கள். அப்போது "ராத்திரி குறட்டை உண்டா, மூச்சு நிக்கா?" என்றொரு கேள்வியும் கேட்கப்பட்டால் எத்தனையோ பேர் முன்கூட்டியே தெரியவருவார்கள். புளியரை வழியாக இரவோடு இரவாகக் கேரளத்துக்கு லோடு ஓட்டும் டிரைவர்களுக்கு இந்தக் கேள்வி உயிர்க் கேள்வி. ஸ்டியரிங் பிடித்தபடி கண் சொருகுவது டீயால் தீரும் களைப்பாக இல்லாமல் இருக்கலாம்.

கருவி பிறந்த கதை

1980 வரை முற்றிய நோய்க்கு இருந்த உறுதியான வழி, கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவது. அந்த ஆண்டு ஜூன் மாதம் சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன், அப்படித் துளையிடவேண்டிய நிலையில் இருந்த நோயாளி ஒருவரிடம் ஓர் இரவு மட்டும் சோதனைக்கு இசைவு கேட்டார். மூக்கு வழியே காற்றை அழுத்தி ஊதினால் தொண்டை மூடாது என்பது அவர் எண்ணம். காற்று போனதும் மூச்சுத்தடை நின்றது, அழுத்தத்தைக் குறைத்ததும் திரும்பி வந்தது. ஐந்து நோயாளிகளிடம் கண்ட முடிவுகள் 1981-இல் லான்செட் இதழில் வெளிவந்தன. தொடக்க காலக் கருவிகளில் வாக்குவம் கிளீனர் மோட்டார்தான் ஊதியது. முகமூடியை மூக்கின் மேல் பசைபோட்டு ஒட்டினார்கள். அந்த நோயாளிகள் ஒவ்வோர் இரவும் ஒட்டி, ஒவ்வொரு காலையும் பிய்த்தெடுத்தார்கள். தூக்கம் அவ்வளவு இனித்திருக்கிறது. 1980-களின் நடுவில் கருவி கடைக்கு வந்தது.

பரிசோதனையும் அழுத்தமும்

கருவிக்கு முன் தூக்கப் பரிசோதனை கட்டாயம். வீரகேரளம்புதூர்க்காரர் முதலில் தென்காசியிலோ, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி என்று மக்கள் சொல்லும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ நெஞ்சக மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பார்ப்பது முறை. பரிசோதனையை ஆய்வகத்தில் ஓர் இரவு தங்கிச் செய்யலாம். பலருக்கு விரலிலும் மூக்கிலும் நெஞ்சிலும் உணரிகளை மாட்டி வீட்டிலேயே செய்துவிடலாம். மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற எண் அதில் கிடைக்கும். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது.

அழுத்தம் தண்ணீரின் உயரத்தால் அளக்கப்படுகிறது. வழக்கமாக 4 முதல் 20 சென்டிமீட்டர். இது எவ்வளவு என்று அறிய ஒரு டம்ளர் போதும். 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பி, ஸ்ட்ராவின் நுனி அடியைத் தொடும்படி வைத்து ஊதுங்கள். குமிழி வரத் தேவைப்படும் அந்தச் சின்ன முக்கல்தான் 10 சென்டிமீட்டர் அழுத்தம். பலருக்குத் தொண்டையைத் திறந்து வைக்க இவ்வளவே போதும். பயந்துபோய் வருபவர்களுக்கு இதைச் செய்து காட்டினால் பாதிப் பயம் போய்விடும்.

பயத்துக்குக் காரணமும் உண்டு. கொரோனா காலத்தில் முகமூடியும் குழாயும் மாட்டிய நிலையில் உறவினர்களைப் பறிகொடுத்த வீடுகள் இங்கே ஏராளம். ஆகவே "இதை மாட்டினா அப்புறம் கழட்டவே முடியாதோ?" என்று கேட்பவரிடம் எரிச்சல் கூடாது. சிபாப் வென்டிலேட்டர் அல்ல. மூச்சை நோயாளிதான் இழுக்கிறார். எந்த நொடியும் கழற்றலாம்.

ஒரே அழுத்தத்தில் ஊதும் கருவியும், தேவைக்கேற்பத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ கருவியும் உண்டு. இழுக்கும்போது ஓர் அழுத்தமும் விடும்போது ஓர் அழுத்தமும் தரும் பைபாப் சிலருக்கே தேவை. விலை பல பத்தாயிரங்களில் இருப்பதால், மருத்துவர் எழுதாத கூடுதல் வசதிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வாடகைக்குக் கிடைத்தால் ஒரு மாதம் பழகிப் பார்த்து வாங்குவது நல்லது.

முகமூடி

கருவி வீணாகி மூலைக்குப் போவது பெரும்பாலும் முகமூடியால்தான். மூக்குத் துளையில் மட்டும் பொருந்துவது, மூக்கை மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது என மூன்று வகை. வாய் திறந்து தூங்குபவருக்கு மூன்றாவது தேவைப்படலாம். அடர்ந்த மீசையும் தாடியும் காற்றைக் கசியவிடும். கடையில் நாற்காலியில் உட்கார்ந்து மாட்டிப் பார்த்தால் போதாது. படுத்துக்கொண்டு, கருவியை ஓடவிட்டு, ஒருக்களித்துப் பார்த்து வாங்க வேண்டும். படுக்கும்போது முகச்சதை இடம் மாறும் என்பது விற்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். காற்று கண்ணில் அடித்தால் வாரை இன்னும் இறுக்குவதே எல்லாரும் செய்யும் தவறு. இறுக்க இறுக்க மூக்குத்தண்டில் புண் வரும், கசிவு நிற்காது. வாரைத் தளர்த்தி, முகமூடியை லேசாகத் தூக்கி மறுபடி உட்காரவைப்பதே சரி.

முதல் சில நாள்கள் பகலில் டிவி பார்த்தபடி அரைமணி நேரம் மாட்டிப் பழகினால் இரவில் மூச்சுமுட்டும் உணர்வு குறையும். தொடக்கத்தில் அழுத்தத்தை மெல்ல ஏற்றும் வசதி பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது, அதை இயக்கிக்கொள்ளலாம். பகல் தூக்கத்துக்குப் படுத்தாலும் மாட்ட வேண்டும். வாரத்தில் ஐந்து நாளாவது, இரவுக்கு நாலு மணி நேரமாவது போட வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. முழு இரவும் போடுபவருக்கே முழுப் பலன்.

சாரலும் கரண்டும்

ஜூன் முதல் ஆரியங்காவுக் கணவாய் வழியே ஈரக்காற்று பாய்ந்து வரும் வட்டாரம் இது. குற்றாலத்தில் அருவி கொட்டுவதும் சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் சுழல்வதும் அதனால்தான். மூக்கு காயாமலிருக்கக் கருவியோடு வெந்நீர்த் தொட்டி ஒன்று வரும். சாரல் காலத்துக் குளிர்ந்த இரவில் அந்த ஈரம் குழாய்க்குள்ளேயே நீராகிக் கொடகொடவென்று முகத்துக்கு வரும். கருவி கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இதைத்தான். ஈரப்பத அளவைக் குறைத்து, குழாய் மேல் துணி சுற்றி, கருவியைக் கட்டிலைவிடத் தாழ்வாக வைத்தால் நின்றுவிடும். தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கென்று விற்பதை மூச்சுக் கருவியில் ஊற்றக்கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்க வேண்டும். கிடைக்காத நாளில் காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றலாம். முந்தின நாள் தண்ணீரைக் காலையிலேயே கொட்டிவிட வேண்டும். முகமூடியைத் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துவதும், புழுதிக்காற்று வீசும் மாதங்களில் ஃபில்டரை அடிக்கடி பார்ப்பதும் வழக்கமாக வேண்டும்.

கரண்டு போனால் கருவி நின்றுவிடும். முகமூடியில் வெளிக்காற்று வர வழி இருப்பதால் மூச்சு முட்டி ஆபத்து வராது. ஆனால் நோய் அந்த நிமிடமே திரும்பிவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்துக்கொள்வது எளிது. வெந்நீர்த் தொட்டியை அணைத்துவிட்டால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும்.

பழைய கருவியைக் குறைந்த விலைக்கு வாங்குபவர்கள் மாடலை விசாரிக்க வேண்டும். ஒலி தடுக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைவதாகக் கண்டு, 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உலகெங்கும் பல லட்சம் கருவிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. வெக்கையும் ஈரமும் அந்தச் சிதைவைக் கூட்டும் என்றும் சொல்லப்பட்டது. நம் ஊர்த் தட்பவெப்பம் அதுதான்.

தொடர் கவனிப்பு

எத்தனை மணி நேரம் போட்டார், எவ்வளவு கசிந்தது, மூச்சு எத்தனை முறை நின்றது என்பதையெல்லாம் கருவி தன் கார்டில் எழுதி வைக்கிறது. ஒரு மாதம் கழித்து அதை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது, வாங்கியதைப் போலவே முக்கியமான வேலை. கருவியைக் கொடுத்ததோடு கடை ஒதுங்கிக்கொள்ள, சீட்டு எழுதியதோடு மருத்துவமனை மறந்துவிட, நோயாளி தனித்து விடப்படுவது இந்தச் சிகிச்சையில் மிக வருத்தமான இடம். எடை நன்றாகக் குறைந்தால் அழுத்தம் குறையலாம், சிலருக்குக் கருவியே தேவைப்படாமல் போகலாம். அதையும் மறுபரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

வெளியூர் போனாலும் கருவி கூடவே போக வேண்டும். தென்காசியில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போகிறவர், ரயிலில் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை செல்போன் சார்ஜ் போடும் பிளக்குகளில் மின்சாரத்தை நிறுத்தும் வழக்கம் இருப்பதை மறக்கக்கூடாது. கருவிக்கான தனி பேட்டரியை முந்தின நாளே சார்ஜ் போட்டு, முகமூடியோடு சேர்த்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கீழ் பெர்த் கேட்டு வாங்குவதே அவருக்கு ஏற்ற ஏற்பாடு.