பனாமாவில் போன வேலை

1882-இல் பாரிஸ் பங்குச் சந்தை சரிந்தது. அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த பால் கோகன், இனி ஓவியமே பிழைப்பு என்று இறங்கினார். பிழைப்பு நடக்கவில்லை. பிள்ளைகளோடு மனைவி கோபன்ஹேகனில் தங்கிவிட்டார். 1887 ஏப்ரலில் சார்ல்ஸ் லவால் என்ற இளம் ஓவியரைக் கூட்டிக்கொண்டு பனாமாவுக்குக் கப்பலேறினார் கோகன். அக்காள் கணவர் அங்கே இருந்தார்; கை கொடுப்பார் என்று நம்பிக்கை.

கை கொடுக்கவில்லை. பக்கத்துத் தபோகா தீவில் குடிசை போட்டுப் பழம் தின்று வாழலாம் என்றால், பனாமா கால்வாய் வெட்டும் வேலையால் அங்கும் நிலத்தின் விலை எகிறியிருந்தது. கடைசியில் கோகன் அந்தக் கால்வாயிலேயே மண் வெட்டப் போனார். இரண்டே வாரத்தில் ஆட்குறைப்பு என்று அந்த வேலையும் போனது.

வரும் வழியில் கண்ணில் பட்ட மார்ட்டினிக் தீவுக்கு ஜூனில் இருவரும் திரும்பினார்கள். சேன் பியேர் நகருக்கு அருகே ஒரு குடிசை. தலையில் கூடை சுமந்து பெண்கள் நாளெல்லாம் போய்வந்தார்கள். கூலிக்குச் சுமந்தவர்கள்தான், கோகன் வரைந்தபோது, சும்மா உலாவ வந்தவர்களைப் போல ஆகிவிட்டார்கள். வண்ணம் மட்டும் பொய் சொல்லவில்லை. பாரிஸின் வெளிறிய வெளிச்சம் போய், தூரிகையில் அடர்பச்சையும் செம்மண்ணும் ஏறின. அந்த நேரம் பார்த்துச் சீதபேதியும் மலேரியாவும் சேர்ந்து அவரைப் பாயில் தள்ளின.

நவம்பரில் எலும்பும் தோலுமாய்ப் பாரிஸ் திரும்பியவர் கையில் இருந்தவை சில ஓவியங்கள் மட்டுமே. அவற்றைப் பார்த்தார்கள் அண்ணன் தம்பி இருவர். தம்பி தியோ ஓவிய வியாபாரி. அண்ணன் அன்று யாருக்கும் தெரியாத வின்சென்ட் வான் கோ. ஒரு படத்துக்குத் தியோ 400 பிராங்க் எண்ணிக் கொடுத்துத் தன் வீட்டு சோபாவுக்கு மேலே மாட்டினார். வின்சென்ட்டுக்கோ, வரைந்தவரோடு சேர்ந்தே வாழ வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது.

மாதம் 150 பிராங்க் தருகிறேன், பதிலுக்கு ஓர் ஓவியம் என்று தியோ பேசி முடிக்க, 1888 அக்டோபரில் கோகன் வின்சென்ட் இருந்த ஆர்ல் நகருக்குப் போனார். இரண்டே மாதத்தில் சண்டை. வின்சென்ட் தன் காதை அறுத்துக்கொண்ட கதை உலகறிந்தது.

கோகனை வெளியே அனுப்பிய கால்வாய் கம்பெனி 1889-இல் திவாலானது. சேன் பியேர் 1902-இல் எரிமலைக்கு இரையானது. சோபாவுக்கு மேலே தொங்கிய படமோ வான் கோ குடும்பத்தோடேயே இருந்து, இன்று ஆம்ஸ்டர்டாமின் வான் கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது: ‘மாமரங்கள், மார்ட்டினிக்’.