பூமீன் ஏறிய வழி

எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் டிவி கோபுரம் வந்தபோது, உடுமலையில் எங்கள் வீட்டு ஓட்டின் மேல் ஏறி ஆண்டெனாவைத் திருப்புவது என் வேலை. தென்கிழக்கே, மலையைப் பார்த்துத் திருப்ப வேண்டும். "இன்னும் கொஞ்சம்... ஆ, தெரியுது, விட்டுரு கண்ணு" என்று முற்றத்திலிருந்து அம்மா குரல் கொடுப்பார். பல வருடம் கழித்து, ஆற்று மீனைத் தேடிப் போகிறவர்கள் கையில் ஏந்திய கருவியைப் படத்தில் பார்த்ததும் அந்த ஓட்டு வீடுதான் நினைவுக்கு வந்தது. அதே போல நடுவில் ஒரு கம்பி, குறுக்கே நாலைந்து கம்பிகள்.

மீனை மயக்கி, வயிற்றில் சிறு கீறல் போட்டு, உள்ளே ஒரு குட்டி ரேடியோவை வைத்துத் தைத்துவிடுகிறார்கள். மெல்லிய கம்பி ஒன்று மட்டும் வெளியே தொங்கும். ரேடியோவின் எடை மீனின் எடையில் நூற்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. அதாவது, ஒரு கிலோ மீனுக்கு 20 கிராம். பிறகு கரையோரம் நடந்து, எந்தப் பக்கம் திருப்பினால் 'டிக் டிக்' பலமாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் மீன் இருக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். 1956இல் அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் சால்மன் மீன்களுக்கு முதலில் பொருத்தியது ஒலி எழுப்பும் கருவியை. ரேடியோ வந்தது அறுபதுகளின் கடைசியில். உப்பு நீரில் ரேடியோ அலை எடுபடாது, ஆழமான அணைத் தண்ணீரிலும் மங்கிவிடும். நம் மலையாறுகளைப் போன்ற ஆழம் குறைந்த நன்னீரில்தான் நன்றாகக் கேட்கும்.

மீன்வளத்துறையில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்த எனக்கு முதல் மூன்று வருடம் கொடை ஏரியில் வேலை. அந்த ஏரி 1863இல், மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கட்டியது. அதில் மீன் விட்டவரும், தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்தவரும் அவரே என்பார்கள். ஏரியின் உபரி நீர் வெள்ளி அருவியாக 180 அடி கீழே விழுகிறது. எந்த மீனும் அதில் ஏறி வர முடியாது. 1939இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்த கண்ணாடிக் கெண்டையின் இனமும் பிறகு கொடைக்கு வந்து சேர்ந்தது. ஆக, மலை மேலே நான் பார்த்த கெண்டையெல்லாம் ஆள் தூக்கி வந்து விட்டவை. தானாக வழி தேடி ஏறிய மீனின் கதை மலைக்கு மேற்கே, கீழே இருந்தது. அமராவதி அணைக்கு மாற்றலாகி வந்த பிறகே எனக்கு அது தெரிந்தது.

பழனி மலையின் மேற்குச் சரிவுத் தண்ணீர் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு வழியாகத் தேனாற்றில் சேர்கிறது. மூணாறுப் பக்கத்திலிருந்து பாம்பாறு வருகிறது. சின்னாறும் சேர்ந்து அமராவதியாகி, கரூர் அருகே திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கிறது. என் அம்மாவைப் பெற்ற தாத்தா கல்லாபுரத்துக்காரர். கல்லாபுரம், குமரலிங்கம், கணியூர், காரத்தொழுவு என்று பழைய ராஜ வாய்க்கால்கள் எட்டு. அவற்றுக்கு ஆற்றின் குறுக்கே தாழ்வான கல்லணைகள். ஆடி வெள்ளம் அந்தக் கல்லை மூழ்கடித்துப் போகும் நாட்களில் பூமீன் (மகசீர் கெண்டை) தாவி மேலே போகும், செதில் ஒவ்வொன்றும் எட்டணாக் காசு அகலம் இருக்கும் என்று தாத்தா சொல்வார். 1957இல் அமராவதி அணை எழுந்தது. நீர்மட்டம் 90 அடி. அந்தச் சுவரைத் தாண்ட எந்த வெள்ளமும் மீனுக்கு உதவாது.

அணைக்குள் ஜிலேபி பெருகியது. 1952இல் இந்தியாவுக்கு வந்த மீன் அது. நான் தராசு பிடித்த அத்தனை வருடமும் கூடை கூடையாக ஜிலேபிதான். பூமீன் என் தராசில் ஏறியது இரண்டே முறை. இரண்டும் ஒரு கிலோவுக்குள். ஒன்றின் துடுப்பு ஆரஞ்சு நிறத்தில், சூடு தணியாத கனல் போல இருந்தது. அதன் பெயர் அப்போது எனக்குத் தெரியாது.

அந்தப் பெயர் எங்கள் தண்ணீரிலிருந்தே கிடைத்தது. பாம்பாற்றில் பிடித்த 19 குஞ்சுகளை வைத்துக் கேரள ஆய்வாளர்கள் ஒரு புதிய இனத்தை விவரித்து, விலங்கியல் ஆய்வுத்துறையின் ரமாதேவியின் பெயரால் 'டோர் ரமாதேவி' என்று அழைத்தார்கள். காவிரியில் வெள்ளைக்காரர்கள் தூண்டில் போட்டுத் தேடிய கூன்முதுகுப் பூமீனும் இதே இனம்தான் என்று 2018இல் மாயாற்று மீன்களைக் கொண்டு உறுதி செய்தார்கள். 1946இல் கபினியில் வான் இங்கன் பிடித்த மீன் 120 ராத்தல், அதாவது 54 கிலோ. எழுபதுகளிலிருந்து லோனாவலாவில் பொரித்து எடுத்த நீலத்துடுப்புப் பூமீனைக் காவிரியில் விட்டு வந்ததும் கூன்முதுகுப் பூமீனின் இடத்தைச் சுருக்கியது. அதே 2018இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் கூன்முதுகுப் பூமீனை மிக அருகிய இனமாக அறிவித்தது.

அணைக்கு மேலே தளிஞ்சி என்ற மலைக்கிராமத்துப் பக்கம் ஒருமுறை ஒரு பெரியவரோடு தேனாற்றங்கரையில் நடந்தேன். பாறை நிழலில் கரும்பச்சையாய் நின்ற கசத்தைக் காட்டி, "கோடையில பெருசு இங்கதான் கெடக்கும் சார். புதுத்தண்ணி வந்த ராத்திரியே எடத்தக் காலி பண்ணிடும்" என்றார். எங்கே போகும் என்று கேட்டேன். கையை மஞ்சம்பட்டிப் பக்கம் நீட்டினார். நான் எழுதி வைக்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பூட்டானில் மானஸ் ஆற்றுப் பக்கம் பொன்னிறப் பூமீனுக்கு ரேடியோ பொருத்தி, அது எந்தக் கிளையாற்றில் ஏறுகிறது என்று பின்தொடர்ந்திருக்கிறார்கள். அங்கும் புதிய அணைகளின் கேள்வி உண்டு. இங்கே அணை கட்டி அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரில் விளைந்ததைத்தான் நானும் சாப்பிடுகிறேன். அணைக்கு மேலே மிஞ்சியிருக்கும் மீனுக்கு எந்தக் கசம் வேண்டும், எந்த ஓடையில் முட்டையிடுகிறது என்பதையாவது தெரிந்துகொள்ள வேண்டாமா? தென்மேற்கு மழை பாம்பாற்றை நிரப்புகிறது, வடகிழக்கு மழை பழனி மலை ஓடைகளை நிரப்புகிறது. மீன் எந்தத் தண்ணீரை நம்பி ஏறுகிறது என்பதை அந்த 'டிக் டிக்' சொல்லிவிடும்.

வனத்துறையும் மீன்வளத்துறையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: பத்து மீனுக்காவது ரேடியோ பொருத்துங்கள். ஆண்டெனாவோடு ஆற்றில் இறங்கும் முன் தளிஞ்சியிலும் மஞ்சம்பட்டியிலும் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் காட்டும் கசங்களை எழுதிக்கொள்ளுங்கள்.