ஹந்தானை அடிவாரத்தில் அந்நியர் யார்?

பேராதனை மாணவர் விடுதிகளின் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: அருணாசலம், ஜேம்ஸ் பீரிஸ், ஜயதிலக, இராமநாதன், மார்ஸ், சங்கமித்தை. ஹந்தானை மலைத்தொடரின் அடிவாரத்தில், மகாவலி கங்கையின் கரையோரமாக நிற்கும் இக்கட்டடங்களுக்குப் பெயர் தந்தவர்களுட் பெரும்பாலோரிடம் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவர்கள் தத்தம் காலத்தில் வெளிநாட்டு மாணவராக இருந்தவர்கள். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1870களில் கேம்பிரிட்ஜில் பயின்றவர். ஜேம்ஸ் பீரிஸ் அதே கேம்பிரிட்ஜின் மாணவர் சங்கத்துக்கு 1882 இல் தலைவரானவர். டி. பி. ஜயதிலக கல்கத்தாப் பல்கலைக்கழகத்துப் பட்டம் பெற்றுப் பின்னர் ஒக்ஸ்போர்டுக்கும் போனவர். இராமநாதன் இளமையில் சென்னை மாநிலக் கல்லூரியிற் படித்தவர். மார்ஸ், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபராக இங்கிலாந்திலிருந்து வந்தவர். சங்கமித்தையோ அசோகனின் தேசத்திலிருந்து அறம் போதிக்க வந்தவள். அவளிடம் எவரும் நுழைவுச் சீட்டுக் கேட்டதாக வரலாறு கூறவில்லை.

இன்று பல்கலைக்கழகங்கள் தோறும் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் என்றும், தொழில் வழிகாட்டல் அலகு என்றும் பலகைகள் தொங்குகின்றன. இவை ஏதோ நேற்று முளைத்த புதுமைகள் என்பது பொதுவான எண்ணம். பிறதேசம் சென்று கற்பதும், கற்ற கல்வியைச் சோறாக்கிக்கொள்ள வழி தேடுவதும் ஈழத்துத் தமிழருக்கு 160 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய கதை. அக்கதையை எவர் பணத்தில், எவர் நலனுக்காக, எவரை வெளியே நிறுத்தி நடத்தினர் என்பதை நாம் சற்று ஆராய்ந்து பார்த்தல் தகும்.

வட்டுக்கோட்டைச் செமினரி 1855 இல் மூடப்பட்டது. யாழ்ப்பாணத்து இளைஞனுக்கு உயர்கல்வி வேண்டுமாயின் அதன்பின் பாக்குநீரிணையைக் கடப்பதன்றி வேறு வழியில்லாது போயிற்று. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த இருவர், சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவர்தம் ஆசிரியர் கறல் விசுவநாதபிள்ளையும் ஆவர். இருவரும் ஈழத்தவர். அப்பட்டத்தின் பயன் யாது? தாமோதரம்பிள்ளை சென்னை மாகாணத்திலேயே அரசாங்க உத்தியோகம் பெற்றார். கணக்குத் துறையிற் பணியாற்றிப் பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாயும் அமர்ந்தார். அச்சம்பளத்தின் மிச்சத்திலும் ஓய்வு நேரத்திலும் அன்றோ தொல்காப்பிய உரைகளும் கலித்தொகையும் ஏட்டிலிருந்து அச்சுக்கு ஏறின! வந்த மாணவனை வேலை தந்து இருத்திக்கொண்ட நாடு அடைந்த இலாபம் அது. அந்நாளிற் கடலின் இருகரையும் ஒரே முடியின் கீழ் இருந்தன. அவரை அந்நியர் என்று சட்டம் சொல்லவில்லை என்பதையும் மறத்தலாகாது.

அருணாசலத்தின் வழி வேறு. அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்து சென்ற அவர், அங்கேயே சிவில் சேவைப் போட்டிப் பரீட்சையிற் சித்தியடைந்து 1875 இல் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதலாவது இலங்கையரானார். அக்காலத்து ஆங்கில ஆட்சி இத்தகைய பரிசிலை ஆண்டுக்கு ஒருவர் இருவருக்கே வழங்கிற்று. ஆயிரம் பிள்ளைகளுள் ஒருவனைப் பொறுக்கியெடுத்து, சீமைக்கு அனுப்பி, சீமைத்துரை போலத் திருப்பியழைத்து, எஞ்சிய 999 பேரை ஆள்வதற்கு அவனைத் துணையாக்குவதே அதன் நோக்கம். அதன் வஞ்சனையை உள்ளிருந்தே உணர்ந்தவரும் அருணாசலமே என்பது அவருக்குப் பெருமை. 1906 இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தைத் தோற்றுவித்து, ஆனந்த குமாரசுவாமி முதலியோருடன் சேர்ந்து, நம் பிள்ளைகள் நம் மண்ணிலேயே கற்க வேண்டும் என்று அவர் குரல் எழுப்பினார்.

குரலுக்குக் கிடைத்த விடை அரைகுறையானது. 1921 இற் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயின் பட்டம் இலண்டனுடையது, வினாத்தாளும் இலண்டனுடையது. 21 ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே கொழும்பு மாணவன் இலண்டனின் வெளிநாட்டு மாணவனாக இருந்தான். இதைவிட விசித்திரமான ஏற்பாட்டைக் குடியேற்ற ஆட்சியன்றி வேறு யார் கற்பனை செய்ய இயலும்?

1942 ஜூலை முதலாந் தேதி இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. மாணவர் தொகை ஏறத்தாழ 900. துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் ஒக்ஸ்போர்டையும் கேம்பிரிட்ஜையும் மனத்திற்கொண்டு, மாணவர் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம் ஒன்றைப் பேராதனையில் உருவாக்கினார். 1952 இற் பெருங்குடிபெயர்வு நடந்தது. 1954 ஏப்ரல் 20 ஆந் தேதி, எலிசபெத் அரசியார் முன்னிலையில் அவர்தம் கணவர் எடின்பரோக் கோமகன் அதனை முறைப்படி திறந்துவைத்தார். சுதந்திரம் பெற்று ஆறாண்டு கழிந்த நாட்டின் பல்கலைக்கழகத்தைத் திறக்க வேறு கைகள் கிடைக்கவில்லை போலும்!

ஆயினும் விடுதி வாழ்க்கையை நாம் இழித்துரைக்க மாட்டோம். பருத்தித்துறைப் பிள்ளையும் மாத்தறைப் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் உறங்கி, ஒரே மேசையில் உண்டனர். முள்ளும் கத்தியும் கொண்டு உண்ணும் துரைத்தனச் சடங்குகள் அங்கே இருந்தன. அவற்றை முதலிற் கண்டு கூசிய கிராமத்து மாணவன், 1945 இன் இலவசக் கல்வித் திட்டம் தந்த துணிவில், சில ஆண்டுகளுள் அவ்விடத்தைத் தனதாக்கிக்கொண்டான். 1960 இற் சுயமொழியிற் கற்ற மாணவர் உட்புகுந்தபோது பேராதனையின் முகமே மாறிற்று. சரச்சந்திரரின் ‘மனமே’, ‘சிங்கபாகு’ நாடகங்களும், வித்தியானந்தன் கைதொட்டு உயிர்பெற்ற நாட்டுக்கூத்துகளும் இக்காலத்து விளைவுகள். கூத்தைப் பாமரர் ஆட்டம் என்று ஒதுக்கிய படிப்பாளிகள், பேராதனை மாணவர் ஆடிய ‘இராவணேசன்’ கண்டு வாய்மூடினர்.

பேராதனைத் தமிழ்த்துறையை வளர்த்தோரும் பலர் பிறதேசம் சென்று மீண்டவர்களே. விபுலாநந்த அடிகள் 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்து, 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராக மீண்டார். கணபதிப்பிள்ளையும் வித்தியானந்தனும் இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள். அடுத்த தலைமுறையிற் கைலாசபதியும் சிவத்தம்பியும் பேராதனையிற் பட்டம் பெற்றபின் பர்மிங்காம் சென்று, கிரேக்க இலக்கியத்தை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்த ஜோர்ஜ் தொம்சனிடம் பயின்றனர். சங்கச் சான்றோரையும் ஹோமரையும் ஒருங்குவைத்து நோக்கும் பார்வை தமிழுக்கு வந்தது அவ்வாறே. பரிசில் பெற்றோர் துரைமாராய்த் திரும்பிய மரபுக்கு மாறாக, இவ்விருவரும் தம் சனங்களின் ஆசிரியராய்த் திரும்பினர். தொம்சன் போன்ற ஆசான் வாய்த்தமை ஒரு காரணம். திரும்பி வந்து அமர்வதற்கு உள்நாட்டில் ஒரு நாற்காலி இருந்தமை மற்றொரு காரணம். பின்னதை வீரவணக்கக் கட்டுரைகள் விட்டுவிடுகின்றன.

ஆம், நாற்காலிதான் முக்கியம். 1950 ஜனவரியிற் கொழும்பிற் கூடிய பொதுநலவாய நாடுகளின் அமைச்சர்கள் வகுத்த கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆசிய மாணவர் பல்லாயிரவர் அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் சென்றனர். கம்யூனிசம் பரவாது தடுப்பதே அத்திட்டத்தின் உள்நோக்கம் என்பது ஒளிவுமறைவில்லாத உண்மை. எனினும் நம் அரசாங்கம் அனுப்பிய மாணவன் ஒரு பிணைமுறியிற் கையொப்பமிட்டே சென்றான்: திரும்பி வந்து இத்தனை ஆண்டு பணிபுரிவேன், அன்றேல் இத்தனை பணம் கட்டுவேன் என்று. பிணை என்றாற் சங்கிலிதான். ஆனால் அதன் மறுமுனையில் ஓர் உத்தியோகமும் கட்டப்பட்டிருந்தது.

1960 இல் மொஸ்கோவிற் பிறந்து, மறு ஆண்டு லுமும்பாவின் பெயரைச் சூடிக்கொண்ட மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம், ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கு வேறொரு கதவைத் திறந்தது. கட்டணம் இல்லை, விடுதியும் உதவிப்பணமும் உண்டு, முதலில் ருஷ்ய மொழி கற்பித்துப் பின்னரே பாடத்துக்குள் அனுமதித்தனர். மொழி தெரியாதவனை வகுப்பில் இருத்திவிட்டுத் தகுதியற்றவன் என்று தள்ளும் வழக்கத்தோடு ஒப்பிட்டால் இது நாகரிகமான முறை. எனினும் அங்கும் அரசியற் கண் விழித்தே இருந்தது. மருத்துவம் பயிலச் சென்ற ரோஹண விஜேவீர 1964 இல் நாடு வந்தபோது, சீனச் சார்புக் கருத்துடையவர் என்பதால் மீண்டும் செல்ல விசா மறுக்கப்பட்டது. மருத்துவப் பட்டத்தோடு திரும்பியோருக்கோ இங்கே இன்னொரு பரீட்சை காத்திருந்தது. வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் அதிற் சித்தியடையாது தொழில் செய்ய இயலாது.

உள்நாட்டில் இருந்தோர் கதி மேலானதன்று. சுயமொழியிற் பட்டம் பெற்ற கலைப்பீட மாணவனுக்கு ஆசிரியத் தொழிலன்றி வேறு வாயில் அரிது. அதுவும் 1960களின் இறுதியில் அடைபட்டது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்பின், அதே ஆண்டு டட்லி சீயர்ஸ் தலைமையில் சர்வதேசத் தொழில் தாபனத்தின் குழு வெளியிட்ட அறிக்கை, படித்த இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைக்கும் இடையிலிருந்த பெரும் பள்ளத்தைச் சுட்டிற்று. தொழில் வழிகாட்டலை இன்று ஒரு கருத்தரங்கும் விண்ணப்பக் கடிதப் பயிற்சியுமாகச் சுருக்கி நோக்குவோர் அவ்வறிக்கையை எடுத்துப் படிப்பது நலம். வேலை இல்லாத இடத்திற்கு வழி காட்டுவது எங்ஙனம்?

1970களின் தரப்படுத்தல் தமிழ் மாணவனுக்கு வாயிலைக் குறுக்கிற்று. 1983 மே மாதத்தில், ஜூலைப் படுகொலைகளுக்கு முன்னரே, பேராதனையிற் பயின்ற தமிழ் மாணவர் தாக்கப்பட்டு விடுதிகளை விட்டு வெளியேறினர். அருணாசலத்தின் பெயரும் இராமநாதனின் பெயரும் வாயிலிற் பொறித்திருந்த வளாகத்திலிருந்து! வளாகத்துக் குறிஞ்சிக்குமரன் கோயிலில் நேற்றுவரை ஒன்றாய்க் கூடியோர் பெட்டியுடன் புகையிரதம் ஏறினர். அவர்களுட் பலர் பின்னாளில் இலண்டனிலும் டொரன்டோவிலும் சிட்னியிலும் மெய்யாகவே வெளிநாட்டு மாணவராயினர். திரும்பி வருமாறு பிணை கேட்க அவர்களுக்குப் பின்னால் ஓர் அரசும் இருக்கவில்லை. 2022 இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் புறப்படும் பிள்ளைகளுக்கும் இனபேதமின்றி இதே நிலைதான். காணியை ஈடுவைத்துக் கட்டணம் கட்டிப் போகிறார்கள்.

எதிர்த்திசையில் வருவோரும் உண்டு. 1980களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்கக் கல்லூரிகள் சில கூட்டாக நடத்திய திட்டமொன்றில், மாணவர் கண்டிக் குடும்பங்களோடு தங்கிப் பேராதனை ஆசிரியரிடம் நம் வரலாறும் மொழியும் கற்றனர். வீட்டுச் சோறும் வீட்டு மொழியும் தந்து அந்நியனை உறவினனாக்கும் இம்முறை நமக்கு உவப்பானது. ஆனால் டொலர் உள்ளவனுக்குக் கிட்டும் விருந்தோம்பல், அதே மலையின் மேற்சரிவிற் பிறந்தவனுக்குக் கிட்டியதா?

‘ஹந்தானே கதாவ’ என்னும் 1969 ஆம் ஆண்டுச் சிங்களத் திரைப்படம் இம்மலையைப் பல்கலைக்கழகக் காதலின் மலையாக நாடறியச் செய்தது. பனிமூட்டமும் பைன் மரங்களும் கண்டு மயங்கும் நாம் தேயிலைச் செடிகளை மறந்துவிடுகிறோம். பல்கலைக்கழகக் காணியே முன்பு தோட்டக் காணி. ஹந்தானைத் தோட்டத்தில் 1925 இற் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை பாழடைந்து, 2001 இல் நூதனசாலையாயிற்று. இயந்திரங்களுக்கு அங்கே மரியாதை உண்டு. இயந்திரத்துக்குக் கொழுந்து கொணர்ந்த கைகளின் கதை லயங்களில் கிடக்கிறது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்ததையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததையோ நிரூபிக்கக் கேட்டது. லயத்திற் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றோராயினர். அவர்தம் பிள்ளைகள் பயின்ற தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்தன. 1945 இன் இலவசக் கல்வி அங்கே ஏறிச் செல்லவில்லை. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. இத்தடைகளைத் தாண்டிப் பேராதனைக்குள் நுழைந்த தோட்டத்துப் பிள்ளை விரல்விட்டு எண்ணத்தக்கவன். அவனுக்கு விடுதியில் அறை உண்டு, நூலகத்தில் இடம் உண்டு; பட்டமளிப்பு மண்டபத்தை விட்டு இறங்கியதும் அரசாங்க உத்தியோகத்துக்குப் பிரஜாவுரிமை கேட்டார்கள். மேற்சரிவில் தாய் கொழுந்து பறிக்க, கீழ்ச்சரிவில் அவன் வெளிநாட்டு மாணவன். ஆனால் அவனுக்கு வெளிநாடும் இல்லை. அருணாசலத்துக்குச் சீமையிலிருந்து திரும்பக் கிடைத்தது இவனுக்குப் பத்து மைல் தூரத்திலிருந்து திரும்பக் கிடைக்கவில்லை.

1964 அக்டோபர் 30 ஆந் தேதிய சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974 இற் பாதி பாதியாகப் பிரித்தனர். ஒரே லயத்தில் அண்ணன் இந்தியன், தம்பி இலங்கையன். கடல் கடந்து சென்றோர் தமிழ்நாட்டில் ‘தாயகம் திரும்பியோர்’ எனப் பெயர் பெற்றனர். இங்கே எஞ்சியோருக்கு 1988 இலும், கடைசியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தாலும் பிரஜாவுரிமை கிடைத்தது. 1948 இல் லயமொன்றிற் பிறந்து 2003 வரை காத்திருந்த பிள்ளைக்கு அப்பொழுது வயது 55; அரசாங்க ஊழியன் ஒருவன் விரும்பினால் ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு வீடு திரும்பும் வயது அது.